மூன்று ஆக்ஸியம்களும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர்களுக்குப் பயன்படக்கூடிய, எழுத்துகள் கொண்ட கோவைகளையும் கணிக்கும் இலவசக் கணினி அட்சரகணித மென்பொருள்களைப் பற்றித் தங்கள் பத்திரிகையின் கல்விப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை நன்றியுடன் வாசித்தேன். உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் மென்பொருள்களை எண்ணிப் பார்க்கவும் இயலாத வன்னிப் பாடசாலைகளுக்கு இவ்வாறான கட்டுரை மிகவும் வேண்டியதே. ஆயினும் அதில் ஓரிடத்தில், ஆக்ஸியம், ஓப்பன் ஆக்ஸியம், ஃபிரிகாஸ் ஆகியன பெயரால் மாத்திரம் வேறுபட்ட ஒரே மென்பொருள் என்றும், எதனை நிறுவினாலும் மாணவருக்கு வேறுபாடு தெரியாது என்றும் பொருள்படும்படி எழுதப்பட்டுள்ளது. அந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கிளிநொச்சியில் இணைந்த கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன். சனிக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தையில் ஏழெட்டு மாணவர்கள் கூடுகிறார்கள். எங்களிடம் இரண்டு கணினிகள் உள்ளன: ஒன்று எவரோ கழித்து எங்களுக்குத் தந்த பழைய இயந்திரம், அதில் ஆக்ஸியம் இருக்கிறது, மற்றையது பழைய மாணவர் ஒருவர் கொண்டுவந்து வைத்த மடிக்கணினி, அதில் ஃபிரிகாஸ் இருக்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் ஒரு மாணவி, முழுவெண் ஒன்றுடன் வர்க்கமூலம் 2 இன் மடங்கு ஒன்றைக் கூட்டிப் பெறப்படும் எண்களுக்கென ஒரு சிறு நிரலைப் பழைய இயந்திரத்தில் எழுதி, அது நன்றாக இயங்குவதைக் கண்டு மகிழ்ந்து, அதே கோப்பை மடிக்கணினிக்குக் கொண்டுசென்றபோது, அது ஒரு வரியைக்கூட இயக்காமல் மறுத்துவிட்டது. மூன்றும் ஒன்றே என்று நானும் அப்போது நம்பியிருந்தபடியால், தட்டச்சுப் பிழையைத் தேடுவதிலேயே இரண்டு சனிக்கிழமைகள் போயின. பிழை தட்டச்சில் இருக்கவில்லை. எது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அவ்விரு மென்பொருள்களும் எவ்வாறு சோதிக்கின்றன என்பதிலேயே வேறுபாடு இருந்தது.

இவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதில் ஐயமில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1960களின் நடுப்பகுதியில் ஜேம்ஸ் கிரீஸ்மர் தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் ஜென்க்ஸ் முன்னின்று புதிதாக அமைத்த ஸ்க்ராட்ச்பேட் என்ற முறைமையே இவற்றின் தாய். 1990களின் தொடக்கத்தில் அது பிரித்தானியாவின் நாக் நிறுவனத்தின் கைக்கு மாறி ஆக்ஸியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 2001இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டு, மறு ஆண்டு மூலநிரலுடன் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதனைப் பேணும் பொறுப்பை டிம் டேலி ஏற்றார். 2007இல் அதிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. வால்டெக் ஹெபிஷ் ஃபிரிகாஸைத் தொடங்கினார், கேப்ரியேல் டோஸ் ரெயிஸ் ஓப்பன் ஆக்ஸியத்தைத் தொடங்கினார். பின்னவர் சி பிளஸ் பிளஸ் என்ற நிரல் மொழியின் வகைக் கட்டமைப்பைப் பற்றி அதன் ஆக்குநரான ஸ்ட்ரூஸ்ட்ரப்புடன் சேர்ந்து ஆய்வு செய்தவர் என்பதை அறிந்தால், ஒரு குடும்பம் ஏன் பிரிந்தது என்பது ஓரளவு விளங்கும். பிரிந்த நாள் முதல் ஒவ்வொன்றும் தன் போக்கில் திருத்தப்பட்டு வந்திருக்கிறது. ஒரே குளத்து நீர் பாயும் வாய்க்கால்களானாலும் ஒவ்வொரு வாய்க்காலின் கதவும் வேறு வேறு உயரத்தில் வைக்கப்பட்டிருக்கலாம் என்பது இரணைமடுவின் கீழே வயல் செய்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வகை என்பதனால் நான் கருதுவதை உதாரணம் கொண்டு சொல்கிறேன். ஆக்ஸியம் குடும்பத்தில் எந்த விடையும் தனியே வருவதில்லை. விடைக்குக் கீழே அதன் வகையும் அச்சிடப்படும். 3 என்று தட்டினால் 3 என்ற விடையுடன் அது நேர் நிறைவெண் என்ற குறிப்பும் வரும். 3இலிருந்து 5ஐக் கழித்தால் மறை 2 என்ற விடை வெறும் நிறைவெண் என்ற குறிப்புடன் வரும். 4ஐ 2ஆல் வகுத்தால் விடை 2 தான், ஆனால் அதன் வகை நிறைவெண் அல்ல, நிறைவெண்களால் ஆன பின்னம். மாணவர்கள் முதலில் சிரித்தார்கள். இரண்டு இரண்டுதானே, அதிலே பின்னம் எங்கே வந்தது என்று கேட்டார்கள். வகுத்தல் என்ற செய்கை நிறைவெண்களின் தொடையினுள், அதாவது கணத்தினுள், எப்போதும் நிறைவேறாது, ஆகவே வகுத்தவுடன் விகிதமுறு எண்களின் தொடைக்குப் போய்விடுகிறோம், அங்கே கிடைத்த 2ஐத் திரும்ப நிறைவெண்ணாக்க வேண்டுமானால் அதனை வெளிப்படையாகக் கேட்க வேண்டும் என்று விளக்கினேன். இரண்டு முக்காற்புள்ளிகளை இட்டு இன்டிஜர் என்று எழுதினால் அந்த 2 நிறைவெண்ணாகும். அரையை அவ்வாறு மாற்றக் கேட்டால் மாற்ற முடியாது என்று தெளிவாகச் சொல்லும். 6ஐ 4ஆல் மீதியின்றி வகுக்க முடியுமா என்று அதற்கென உள்ள செய்கையால் கேட்டால், பிழை என்று நின்றுவிடாமல், முடியவில்லை என்ற சொல்லையே ஒரு விடையாகத் தரும். ஏனெனில் அச்செய்கையின் விடை வகை, ஒரு நிறைவெண் அல்லது முடியவில்லை என்ற சொல் என்று முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது.

இதனை வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு எக்ஸின் வர்க்கத்துடன் 1ஐக் கூட்டிய கோவையைச் சொல்ல விரும்புகிறேன். அதனைக் காரணிப்படுத்துக என்று கேட்டால் ஆக்ஸியமும் ஃபிரிகாஸும் அதனை அப்படியே திருப்பித் தரும். ஏனெனில் அது நிறைவெண் குணகங்களைக் கொண்ட பல்லுறுப்பியாகக் கொள்ளப்படுகிறது, அத்தொடையில் அது மேலும் பிரியாது. அதே கோவையைச் சிக்கலெண் குணகங்களைக் கொண்ட பல்லுறுப்பியாக மாற்றிவிட்டுக் கேட்டால் இரண்டு ஏகபரிமாணக் காரணிகள் வரும். கேள்வி ஒன்றே, கோவையும் ஒன்றே, வகை மாறியதால் விடை மாறியது. காரணிப்படுத்து என்று மாத்திரம் வினாத்தாளில் எழுதிவிட்டு எந்தத் தொடையின் மீது என்று சொல்லாமல் விடும் எங்கள் வழக்கத்தை நான் முப்பது வருடமாகக் குறைசொல்லி வந்திருக்கிறேன். ஒரு மென்பொருள் அதே குறையைச் சுட்டிக்காட்டியபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

இனி, ஒரே மென்பொருளுக்குள்ளேயே இரண்டு விதமான சோதனைகள் இருப்பதையும் தங்கள் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. நாம் வரி வரியாகத் தட்டும்போது பதில் சொல்வது இன்டர்பிரிட்டர். கோப்பில் எழுதிய நிரலை மொத்தமாக வாங்கிச் சோதித்து மாற்றுவது கம்பைலர். இன்டர்பிரிட்டர் வந்தவரை உபசரிக்கும் குணமுடையது. எக்ஸ் கூட்டல் அரை என்று எழுதினால், எக்ஸ் ஒரு மாறி, அரை ஒரு பின்னம், இரண்டையும் கூட்ட வேண்டுமானால் இரண்டும் பின்னக் குணகங்களைக் கொண்ட பல்லுறுப்பிகளாக வேண்டும் என்று தானே ஊகித்து, கேட்காமலே இரண்டையும் மாற்றிக் கூட்டித் தரும். கம்பைலருக்கு அந்த உபசாரம் கிடையாது. எந்த வகை எங்கே வருகிறது என்பதை நிரல் எழுதுபவரே சொல்ல வேண்டும்.

முன்னர் சொன்ன மாணவி பல்லுறுப்பி ஒன்றை உறுப்புறுப்பாக வகையிடும் ஒரு சார்பை எழுதினார். உறுப்பின் அடுக்கு n என்றால், குணகத்தை n ஆல் பெருக்கி, அடுக்கை n சய 1 ஆக்க வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. தட்டிப் பார்த்தபோது எல்லா உதாரணங்களுக்கும் சரியாக வந்தது. கம்பைலரிடம் கொடுத்தபோது அது மறுத்தது: அடுக்கு என்பது மறையல்லாத நிறைவெண்ணாக இருக்க வேண்டும், ஆனால் n சய 1 என்பது வெறும் நிறைவெண், ஒன்றை மற்றதாக என்னால் மாற்ற முடியாது என்பது அதன் முறைப்பாடு. அவருக்குக் கோபம் வந்தது. 3இலிருந்து 1ஐக் கழித்தால் 2 தானே, அதற்கு ஏன் இத்தனை விசாரணை என்றார். ஒரு கிழமை கழித்துத் தானே வந்து சொன்னார், தன்னுடைய உதாரணங்கள் எதிலும் மாறிலி உறுப்பு இருக்கவில்லை என்று. மாறிலி உறுப்பின் அடுக்கு 0. அதிலிருந்து 1ஐக் கழித்தால் மறை 1, அது எந்தப் பல்லுறுப்பியின் அடுக்கும் ஆகாது. இன்டர்பிரிட்டர் அந்த உதாரணம் வரும்வரை காத்திருந்து வந்த பிறகே தடுமாறியிருக்கும். கம்பைலர் அது வரக்கூடும் என்பதை முன்னரே கண்டு மறித்தது. அடுக்கு 0 ஆயின் அவ்வுறுப்பை விட்டுவிடுக என்ற நிபந்தனையையும், அதன் பின்னர் வெளிப்படையான வகைமாற்றத்தையும் எழுதியதும் ஏற்றுக்கொண்டது. பிரிட்டெண்ட், அதாவது பாவனை செய் என்ற சொல்லை இட்டால் கம்பைலரின் வாயை எளிதாக மூடிவிடலாம் என்பதையும் அவர் கண்டுபிடித்திருந்தார். அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னேன், கேட்டாரோ தெரியாது.

இது குடும்பம் முழுவதற்கும் பொதுவானது. பிரிந்த பின் வந்த வேறுபாடுகளுக்கு வருகிறேன். பழைய ஆக்ஸியத்தில் ஒரு தொடையின் பண்புகள் இரண்டு விதமாக அறிவிக்கப்பட்டன. வளையம், கூட்டம், புலம் போன்ற அட்சரகணித அமைப்புகள் கேட்டகரி என்ற பெயரில் வந்தன. பெருக்கல் பரிமாற்றத்தக்கது என்பது போன்ற சில பண்புகள் அற்றிபியூட் என்ற தனி வரிசையில், மேற்கோள் குறிக்குள் பெருக்கல் குறியை இட்டு எழுதப்பட்டன. ஃபிரிகாஸில் அந்தத் தனி வரிசை நீக்கப்பட்டு, அப்பண்புகளும் கேட்டகரிகளாகவே ஆக்கப்பட்டன. பெருக்கலின் பரிமாற்றப் பண்புக்குக் கொமியூட்டேட்டிவ் ஸ்டார் என்றொரு கேட்டகரி இருக்கிறது. எங்கள் மாணவி 1992ஆம் ஆண்டு வெளியான ஆக்ஸியம் நூலின் முறையில் தம் எண்களின் பெருக்கல் பரிமாற்றத்தக்கது என்று எழுதியிருந்தார். பழைய இயந்திரம் அதனை ஏற்றது, மடிக்கணினி அப்படியொரு பெயரையே அறியாது என்றது. இரண்டு சனிக்கிழமைகளை விழுங்கிய பிழை இவ்வளவுதான். என் எண்ணத்தில் இவ்விடயத்தில் ஃபிரிகாஸின் வழியே நேர்த்தியானது, ஏனெனில் ஒரே விதமான செய்தியை இரு இடங்களில் இரு விதமாகச் சொல்ல வேண்டிய தேவை அதில் இல்லை. ஆயினும் பழைய நூலை வைத்துப் படிக்கும் மாணவருக்கு அதனை எவரும் சொல்லாவிட்டால் அவர் தம்மையே நொந்துகொள்வார்.

பெயர் மாறாமல் பொருள் மாறும் இடமும் உண்டு, அதுவே எனக்கு அதிகம் கவலை தருவது. சிங்கிள் இன்டிஜர் என்ற வகை, கணினி விரைவாகக் கையாளக்கூடிய சிறிய நிறைவெண்களுக்கானது. இந்த மென்பொருள்கள் எல்லாம் லிஸ்ப் என்ற நிரல் மொழியின் மீது நிற்பவை. ஆனால் லிஸ்ப் பல விதம். ஃபிரிகாஸில் அவ்வகையின் பேரெல்லை, அடியில் எந்த லிஸ்ப் இருக்கிறதோ அதன் எல்லையே ஆகும். 64 பிட் இயந்திரத்தில் எஸ்.பி.சி.எல். என்ற லிஸ்ப்பின் மீது நிற்கும்போது அது 2இன் 62ஆம் அடுக்கிலிருந்து 1 குறைந்த எண். வேறொரு லிஸ்ப்பின் மீது வேறொன்று. பெயரைப் பார்த்து ஒன்றென நினைப்பவருக்கு, நெல்லின் கணக்கை ஒருவர் புசலிலும் மற்றவர் கிலோவிலும் எழுதிய கொப்பியில் அலகு குறிக்கப்படாமல் இருந்தால் என்ன நடக்குமோ அதுவே நடக்கும்.

அல்டோர் என்ற மொழியையும் குறிப்பிடாமல் விட முடியாது. ஸ்டீபன் வாட் முன்னின்று ஐ.பி.எம்.இல் உருவாக்கிய அது, ஆக்ஸியத்தின் நூலக மொழிக்குத் தம்பி போன்றது, தோற்றத்தில் பெரிதும் ஒத்தது. ஆனால் தானாக வகைமாற்றம் செய்வதை அது ஏறக்குறைய முற்றாக நிறுத்திவிட்டு, மரியாதைக்காகச் செய்யும் மாற்றங்கள் என்று பொருள்படும் ஒரு பெயரிட்டு மிகச் சிலவற்றை மாத்திரமே அனுமதிக்கிறது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது.

குடும்பத்திற்கு வெளியேயும் இதே நிலைதான், சற்று வேறு விதமாக. 1968இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மக்சிமா (Macsyma) என்ற மென்பொருளின் வழிவந்ததே இன்றைய மாக்சிமா (Maxima). அதில் வகை என்ற பேச்சே பெரிதாக இல்லை, எல்லாம் கோவைதான். 4ஐ 2ஆல் வகுத்தால் சுருக்கி 2 என்ற நிறைவெண்ணையே தரும். ஆனால் எக்ஸின் n ஆம் அடுக்கைத் தொகையிடச் சொன்னால், n மறை 1க்குச் சமமா என்று நம்மையே கேட்கும். ஃபிரிகாஸ் கேட்காமல் n கூட்டல் 1ஆல் வகுத்த விடையைத் தந்துவிடும். கேட்பது நல்லதா, கேளாமல் தருவது நல்லதா என்று என் வகுப்பில் ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது.

வில்லியம் ஸ்டைன் 2005இல் தொடங்கிய சேஜ், மாக்சிமாவைத் தன்னுள் வைத்துக்கொண்டும், வேண்டியபோது ஃபிரிகாஸை அழைத்துக்கொண்டும் இயங்குவது. அதில் 4ஐ 2ஆல் வகுத்தால் வரும் 2 விகிதமுறு எண்களின் புலத்தைச் சேர்ந்தது என்பதால், இவ்விடயத்தில் அது ஆக்ஸியத்தின் பக்கம் நிற்கிறது. மட்டு 7 எண்களுடன், அதாவது 7ஆல் வகுக்க வரும் மீதிகளுடன், நிறைவெண்ணைக் கூட்டினால் ஏற்றுக்கொள்ளும், மட்டு 3 எண்ணையும் மட்டு 5 எண்ணையும் கூட்டச் சொன்னால் மறுக்கும். எங்கள் மாணவர்கள் கையடக்கத் தொலைபேசியிலேயே பயன்படுத்தும் சிம்பை என்ற மென்பொருளும் சேஜும் இரண்டுமே பைதன் என்ற நிரல் மொழியில் தட்டப்படுபவை. அதனால் இரண்டும் ஒன்று என்று எண்ணுவது இயல்பு. சேஜில் 1ஐ 2ஆல் வகுத்தால் சரியான அரை கிடைக்கும், ஏனெனில் தட்டிய எண்களை அது முதலிலேயே தன் வகை எண்களாக மாற்றிவிடுகிறது. சிம்பையில் அதே வகுத்தலைப் பைதன் முந்திக்கொண்டு செய்து 0.5 என்ற தசமத்தை ஆக்கிவிடும், அதன் பின்பே சிம்பையின் கைக்கு அது வரும். எக்ஸ் கூட்டல் அரை என்று எழுதிய மாணவர் எக்ஸ் கூட்டல் 0.5 என்பதை வைத்துக்கொண்டு மேலும் கணித்து, இறுதியில் தோராயமான விடையொன்றைச் சரியான விடை என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

தமிழ்ச் சொற்கள் குறித்தும் ஒரு வேண்டுகோள். கட்டுரையில் இச்சோதனைக்கு வகையீட்டுச் சோதனை என்ற பெயர் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. எங்கள் பாடநூல்களில் வகையீடு என்பது சார்பொன்றை வகையிடுவது. உயர்தர மாணவர் எவரும் அத்தொடரை வாசித்தவுடன் உயர்வு இழிவு காணும் சோதனையை நினைப்பார். வகைச் சோதனை என்று எழுதினால் போதும். அதுபோலவே ஆக்ஸியத்தின் டொமைன் என்பதை ஆட்சி என்று பெயர்த்திருப்பதும் பொருந்தாது. சார்பின் ஆட்சி வேறு. இங்கே டொமைன் என்பது எண்களின் தொடையையும் அவற்றின் மீதான செய்கைகளையும் சேர்த்துக் குறிப்பது. நல்ல தமிழ்ச் சொல் கிடைக்கும்வரை டொமைன் என்றே எழுதுவதில் குற்றமில்லை.

இறுக்கமான சோதனை தொடக்க மாணவரை அச்சுறுத்தும், ஆகவே தளர்வான மென்பொருளையே வகுப்புக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று சக ஆசிரியர்கள் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் மாதத்திற்கு நானும் உடன்படுகிறேன்; மின்சாரம் நிற்பதற்குள் ஒரு வரைபையாவது பார்த்துவிட வேண்டும் என்று பரபரக்கும் பிள்ளையிடம் வகைகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றது. ஆனால் நிரல் எழுதத் தொடங்கிய பிள்ளைக்கு மறுக்கின்ற மென்பொருள் வேண்டும், அது எதற்காக மறுத்தது என்று சொல்லித்தர ஒருவரும் வேண்டும்.

ஆகவே, கட்டுரையின் அடுத்த பகுதியில் மூன்று ஆக்ஸியம்கள் பற்றிய அந்த வாக்கியத்தைத் திருத்துமாறும், இனி வெளியிடும் ஒவ்வோர் உதாரணத்துடனும் அது எந்த மென்பொருளில், எந்தப் பதிப்பில் செய்து பார்க்கப்பட்டது என்பதையும், விடைக்குக் கீழே அச்சிடப்படும் வகைக் குறிப்பையும் வெட்டிவிடாமல் சேர்த்து வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். கடந்த பகுதியில் வந்த தாயத்தின் (மேட்ரிக்ஸின்) நேர்மாறு பற்றிய உதாரணத்தில் அந்தக் குறிப்பு இடம் போதாமையால் நீக்கப்பட்டிருக்கலாம். நிறைவெண்களால் ஆன தாயத்தின் நேர்மாறு பின்னங்களால் ஆன தாயமாக வருவதையும், நேர்மாறு இல்லாத தாயத்திற்கு முடியவில்லை என்ற சொல்லே விடையாக வருவதையும் மாணவர்கள் கண்டிருக்க வேண்டிய இடம் அதுவே.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இணைந்த கணித ஆசிரியர்,
கிளிநொச்சி.